கலைச்சொல் வேண்டும்: கையடக்கக் கருவியில் வரும் மெமரி மினிகேம்

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

நண்பர்களே, வணக்கம். கையடக்கக் கருவியில் ஆடும் ஒரு விளையாட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கோப்பை ஒப்படைக்க வேண்டும். ஒரே ஒரு சொல்லில் வந்து நிற்கிறேன்.

கதையின் நடுவே பூட்டிய கதவு ஒன்று வரும். அதைத் திறக்க ஒரு மெமரி மினிகேம் ஆட வேண்டும். வரிசைக்கு 4 வீதம் 16 சீட்டுகள் 3 நொடி முகம் காட்டிவிட்டுக் கவிழ்ந்துகொள்ளும். எது எங்கே இருந்தது என்று நினைவு வைத்து இணை இணையாகத் திருப்ப வேண்டும். முதலில் "நினைவகப் புதிர்" என்று போட்டேன். ஆனால் சேமிக்க இடமில்லாதபோது "நினைவகம் நிரம்பியது" என்று அதே திரையில் வருகிறது. ஆடுகிறவர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வார். "நினைவுத்திறன் குறுவிளையாட்டு" என்றால் பட்டியலில் "நினைவுத்திறன் கு" என்பதோடு வெட்டுப்படுகிறது. எட்டு எழுத்துக்குள் ஏதாவது சொல்லுங்கள்.

தமிழாசிரியர் எழுதியது:

குறு வேண்டாம். குறு + ஆட்டம் "குற்றாட்டம்" ஆகிக் குற்றம் போலக் காதில் விழும். சிறு என்று வையுங்கள். சிற்றில், சிற்றூர் போலத் தன்னொற்று இரட்டிச் சிற்றாட்டம். சிறு என்பது நீளத்தை மட்டும் குறிப்பதில்லை. சிறுபாணாற்றுப்படையில் 269 அடிகள் உண்டு. அங்கே "சிறு" பாட்டைச் சுட்டவில்லை, பாணன் கையிலிருந்த சீறியாழை, அதாவது சிறிய யாழைச் சுட்டுகிறது. ஆகவே சிற்றாட்டம் என்றால் சிறிய கருவியில் ஆடுவது என்றும் பொருள் கொள்ளலாம்.

புதிருக்கும் பழஞ்சொல் இருக்கிறது. தொல்காப்பியச் செய்யுளியல் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என்று அடுக்குகிறது. இதில் பிசி என்பது புதிர்தான். "நினைவுப்பிசி" என்று ஏன் சொல்லக்கூடாது? இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதிது தேடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

நிரலாளர் எழுதியது:

ஐயா, பிசி என்று திரையில் பார்த்தால் "வேலையாக இருக்கிறது, காத்திரு" என்றுதான் இன்று படிப்பார்கள். கருவி உறைந்துவிட்டது என்று அணைத்தே விடுவார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல், இது புதிரே இல்லை. பிசியில் விடை மறைந்திருக்கும், யோசித்து அவிழ்க்கிறோம். இங்கே விடையை முதலிலேயே காட்டிவிட்டு அப்புறம் மூடுகிறார்கள். அவிழ்க்க ஒன்றுமில்லை, நழுவவிடாமல் பிடித்து வைக்க வேண்டும். 1978இல் வந்த சைமன் கருவியிலும் இதேதான். நான்கு வண்ணப் பொத்தான்கள் வரிசையாக ஒளிரும், அதே வரிசையில் நாம் அழுத்த வேண்டும், முறைக்கு ஒன்று கூடிக்கொண்டே போகும். சீட்டு இணை சேர்க்கும் ஆட்டத்துக்கு ஜப்பானியர் வைத்த பெயர் சின்கெய் சுயிஜாக்கு, அதாவது நரம்புத் தளர்ச்சி. ஆடுகிறவர் படும் பாட்டைப் பார்த்து வைத்த பெயர் அது. நாமும் சீட்டை விட்டு ஆடுகிறவரைப் பார்ப்போம். என் வாக்கு "நினைவாட்டம்".

ஆய்வு மாணவி எழுதியது:

"உள்ளாட்டம்" எப்படி? உள்ளுதல் என்றால் நினைத்தல். "மறப்பின் எவனாவன் மற்கொல் மறப்பறியேன் உள்ளினும் உள்ளம் சுடும்" என்ற 1207ஆம் குறளில் மறத்தலுக்கு நேர் எதிராக நிற்பது உள்ளுதல்தான். அது மட்டுமல்ல, உள் + ஆட்டம் என்று பிரித்தால் ஆட்டத்துக்குள் ஆட்டம், மினிகேம்! ஒரே சொல்லில் இரண்டும் கிடைக்கின்றன. இதை விட எனக்கு மனமில்லை.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. வீட்டில் பத்து வயதுப் பெண்ணிடம் திரையைக் காட்டினேன். "உள்ளாட்டம்னா வீட்டுக்குள்ள ஆடுறதா?" என்று கேட்டாள். "நினைவாட்டம்" என்று மாற்றிக் கொடுத்தேன். ஒன்றும் கேட்காமல் அழுத்தி ஆடத் தொடங்கிவிட்டாள்.

தமிழாசிரியர் எழுதியது:

தள்ளாட்டம், ஊசலாட்டம் வரிசையில் நினைவாட்டம் என்றால் நினைவு ஆட்டம் காண்கிறது என்றல்லவா ஆகிறது? கவனகம் என்ற சொல்லை ஏன் ஒருவரும் எடுக்கவில்லை? பாடலும் புனைந்துகொண்டு, முதுகில் விழும் கல்லையும் அடிக்கும் மணியையும் எண்ணி வைத்து, கடைசியில் பிசகாமல் சொன்னவர்கள் நம்மிடம் இருந்தார்கள். சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரை மறந்துவிட்டோமா? அவதானத்துக்குத் தமிழ்ச்சொல் கவனகம். ஐந்தே எழுத்து.

நிரலாளர் எழுதியது:

அருமையான சொல் ஐயா. ஆனால் அது பல வேலைகளை ஒரே நேரத்தில் செய்யும் பெரிய கலைக்கு உரியது. ஒரு கதவைத் திறக்க 16 சீட்டைத் திருப்புவதற்கு அந்தப் பெயரைக் கொடுத்தால் அதன் கனம் குறைந்துவிடும்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

நாளை வெள்ளி. இதுவரை "நினைவாட்டம்" பக்கம் நான்கு பேர், "கவனகம்" இரண்டு, "உள்ளாட்டம்" ஒன்று. பட்டியலில் நினைவாட்டம் என்றே இடுகிறேன். மினிகேம் என்ற பொதுச்சொல் வரும் இடங்களில் சிற்றாட்டம். அனைவருக்கும் நன்றி.

தமிழாசிரியர் எழுதியது:

சரி, இடுங்கள். என் மறுப்பும் இழையில் இருக்கட்டும். 16 சீட்டும் ஒரே நேரத்தில் மனத்தில் நின்றால்தான் அந்தக் கதவு திறக்கும். அது கவனகம் இல்லையென்றால் வேறென்ன? ஒரு தவறும் இல்லாமல் முடிப்பவருக்குப் பதக்கம் தருவதாக உங்கள் கோப்பில் பார்த்தேன். அதிலாவது "கவனகர்" என்று எழுதுங்கள். அங்கே எழுத்துக் கணக்கு கிடையாதே.