எல்எஸ்யூவின் 2019 சீசன்: நேரில் பார்த்தவங்க வாங்க, பேசுவோம்

பேட்டன் ரூஜில் படித்தவர்:

லூசியானா ஸ்டேட் யூனிவர்சிட்டியில (எல்எஸ்யூ) நான் எம்.எஸ். படிச்சப்போதான் எங்க காலேஜ் ஃபுட்பால் டீம் ஆடின 15 மேட்சையும் ஜெயிச்ச அந்த 15-0 சீசன். அதுவரைக்கும் அமெரிக்கன் ஃபுட்பால்னா ஹெல்மெட் மாட்டிக்கிட்டு முட்டிக்கிறதுன்னுதான் நினைச்சிருந்தேன்.

செப்டம்பர் 7, ஆஸ்டின்ல டெக்ஸாஸோட மேட்ச், ரூம்ல டிவியில பார்த்தோம். ஆட்டம் முடிய ரெண்டரை நிமிஷம் சொச்சம். 6 புள்ளிதான் முன்னிலை. 10 யார்டு தாண்ட 4 வாய்ப்பு தருவாங்கல்ல, அதுல மூணாவது. முன்ன போறதுக்குப் பதிலா பின்னாடி போயிட்டதால, போக வேண்டியது இன்னும் 17 யார்டு. "எல்எஸ்யூ பழைய பாணியில ஓடித்தான் நேரத்தைக் கரைக்கும்"னு ரூம்மேட் சொல்லி வாய் மூடல, பந்தை வீசுற குவார்ட்டர்பேக் ஜோ பரோ பாஸ் போட்டாரு, ஜஸ்டின் ஜெஃபர்சன் பிடிச்சு ஓடினாரு. 61 யார்டு, டச்டவுன் (எதிரணியோட கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோறது)! கடைசியில 45-38. பல வருஷமா ஓட்டத்தையே நம்பியிருந்த டீம் பாஸ் போட்டு மேட்சை முடிச்சதைப் பார்த்து ஊர்க்காரங்களே அசந்துட்டாங்க. அந்த வருஷம் ஜோ பிரேடின்னு ஒரு இளம் கோச் வந்து தாக்குதலையே மாத்திட்டாரு.

நேர்ல பார்த்தது அக்டோபர் 12, ஃப்ளோரிடா மேட்ச். ராத்திரி ஆட்டத்துக்குக் காலையிலேயே கேம்பஸ் முழுக்க ஊதாவும் தங்க நிறமுமா கூடாரம். ஒரு பெரியவர் நம்ம ஊர் பந்தி அண்டா சைஸ் இரும்புச் சட்டியில ஜம்பலாயா கிண்டிக்கிட்டிருந்தாரு, கரண்டிக்குப் பதிலா மரத் துடுப்பு! நீ யாரு, எந்த ஊருன்னு ஒரு கேள்வி இல்ல, தட்டை நீட்டிட்டாரு. (சைவக்காரங்க பாடு திண்டாட்டம்தான், சோறு பூரா சாசேஜ்.)

டைகர் ஸ்டேடியத்துல லட்சம் பேருக்கு மேல உட்காரலாம். எதிரணி மூணாவது வாய்ப்புக்கு நிக்கும்போது போடுற சத்தத்துல பக்கத்துல இருக்கிறவன் காதுல கத்தினாலும் கேக்காது. 1988-ல ஆபர்னுக்கு எதிரா கடைசி நேரத்துல டச்டவுன் போட்டப்போ கூட்டம் குதிச்ச குதி கேம்பஸ் நிலநடுக்கமானியிலேயே பதிவாச்சு. கதை விடுறாங்கன்னுதான் நினைச்சேன், அந்த ராத்திரி நம்பிட்டேன். இடைவேளை முடிஞ்சு வந்ததும் ஃப்ளோரிடா 28-21னு முந்திடுச்சு. பரோ முகத்துல ஒரு பதற்றம் இல்ல. போட்ட 24 பாஸ்ல 21 போய்ச் சேர்ந்துச்சு. 42-28.

அலபாமாவிலிருந்து ஒருவர்:

தம்பி, இந்தப் பக்கக் கதையையும் கேளுங்க. நான் பர்மிங்ஹாம்ல இருக்கேன். இங்க அலபாமா, ஆபர்ன்னு ரெண்டே காலேஜ் டீம் கட்சிதான். புதுசா வேலைக்குச் சேர்ந்தா முதல் கேள்வியே நீ எந்தப் பக்கம்னுதான். 2011-க்கு அப்புறம் அதுவரைக்கும் எல்எஸ்யூ எங்களை ஜெயிச்சதே கிடையாது, வரிசையா 8 தோல்வி. நவம்பர் 9 டஸ்கலூசாவுல பாதி ஆட்டத்துலயே 33-13னு நாங்க பின்னாடி. கணுக்கால் ஆபரேஷன் முடிஞ்சு மூணு வாரம்கூட ஆகாத எங்க குவார்ட்டர்பேக் துவா 418 யார்டு பாஸ் போட்டு இழுத்துப் பிடிச்சாரு, ஆனாலும் 46-41. எல்லாரும் பரோவைப் பேசுறாங்க. எங்களைக் கவிழ்த்தது கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர்தான். குள்ளமான ஆளு, இடுப்பைப் பிடிச்சா வழுக்கிக்கிட்டுப் போறாரு. 4 டச்டவுன். திங்கக்கிழமை ஆபீஸ்ல யாரும் வாயே திறக்கல, எனக்கு வேலை நல்லா ஓடுச்சு.

அட்லாண்டாவிலிருந்து ஒருவர்:

அண்ணா, நான் இங்க நடந்த எல்எஸ்யூ-ஓக்லஹோமா அரையிறுதிக்குப் போயிருந்தேன், டிசம்பர் 28. வீட்டுக்காரர் ஓக்லஹோமாவுல படிச்சவர், சிவப்புச் சட்டையோட ஜம்முனு வந்தாரு. முதல் பாதியிலேயே பரோ 7 டச்டவுன் பாஸ், 49-14. பாப்கார்ன் வாங்கப் போனவர் திரும்பி வரவே நேரம் எடுத்துக்கிட்டாரு. முடிவு 63-28.

வீட்டுக்கு வந்து செய்தி பார்த்தப்போதான் இன்னொண்ணு தெரிஞ்சுது. எல்எஸ்யூ தாக்குதல் கோச் ஸ்டீவ் என்ஸ்மிங்கரோட மருமகள் அன்னைக்குக் காலையில அதே மேட்சுக்கு வர்ற வழியில விமான விபத்துல இறந்திருக்காங்க. விஷயம் தெரிஞ்சும் மனுஷன் ஸ்டேடியம் மேல கோச்களுக்கான பூத்துல உட்கார்ந்து ஆட்டத்தை நடத்தியிருக்காரு. சிலர் இதை வீரம்னு பாராட்டுறாங்க. எனக்கு அப்படித் தோணல. எழுந்து போயிருந்தாலும் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாது.

பேட்டன் ரூஜில் படித்தவர்:

அக்கா சொல்றது சரிதான். அதுவும் காலேஜ் ஆட்டத்துக்கு. கோச்களுக்கு மில்லியன் கணக்குல சம்பளம். ஆடுற பசங்க 2021 வரைக்கும் தங்கள் பேரை வச்சு ஒரு விளம்பரத்துல நடிச்சுக் காசு வாங்கக்கூட அனுமதி இல்ல.

ஃபைனல் ஜனவரி 13, நியூ ஆர்லியன்ஸ்ல. எங்களுக்குப் பக்கம்தான், டிக்கெட் விலைதான் எட்டல. கேம்பஸ் பக்கத்துல ஒரு கடையில நின்னுக்கிட்டே பார்த்தோம். வரிசையா 29 மேட்ச் ஜெயிச்சிருந்த கிளெம்சன் 17-7னு முன்னேறினப்போ கடையே கப்சிப். அப்புறம் எங்க ஜமார் சேஸ் பக்கம் பந்து பறக்க ஆரம்பிச்சுது, 42-25. சீசன் முழுக்க பரோ போட்டது 60 டச்டவுன் பாஸ். அந்த வருஷத்தோட சிறந்த காலேஜ் வீரருக்குத் தர்ற ஹைஸ்மன் விருது மேடையில தன் ஊர்ப்பக்கம் பசியோட பள்ளிக்கூடம் போய் வர்ற பிள்ளைங்களைப் பத்தி அவர் அழுதுக்கிட்டே பேச, அந்த ஊர் உணவு வங்கிக்குச் சில நாள்லயே லட்சக்கணக்கான டாலர் சேர்ந்துச்சு.

ஏப்ரல்ல என்எஃப்எல் டிராஃப்ட்ல (தொழில்முறை லீக் டீம்கள் காலேஜ் வீரர்களைத் தேர்ந்தெடுக்கிறது) எங்க 14 பேர் போயிட்டாங்க. பிரேடியும் கிளம்பிட்டாரு. அடுத்த சீசன் 5-5. அதுக்கு வேற யாராவது தனி இழை ஆரம்பிங்க, நான் வரல.