லயத்துக்கு ஏறி வந்த சிஸ்டர்

நுவரெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயம் என்கிற வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். நல்லாயன் சபை சிஸ்டர்மாரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது. உங்கள் வாசலுக்கு அப்படி யாராவது வந்திருந்தால் நீங்களும் எழுதுங்கள்.

எட்டாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டேன். தம்பிக்கு அப்போது ஒரு வயது. இழுப்பு. வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்டால் மூச்சுத் திணறிப் போவான். அம்மா வேலைக்குப் போகாவிட்டால் பேர் இல்லை, அன்றைய சம்பளம் இல்லை. சரி, நானே வீட்டில் நின்றேன்.

மூன்றாவது வாரம், தூறலோடு ஒரு சிஸ்டர் படியேறி வந்தார். வெள்ளை அங்கியின் கீழ்ப்பக்கம் முழுக்கச் சேறு. அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு மலையிலிருந்து இறங்கும்வரை வீட்டு முன் இஸ்தோப்பிலேயே உட்கார்ந்திருந்தார். பிள்ளையை ஏன் அனுப்பவில்லை என்று கேட்கவே இல்லை.

"தம்பியையும் தூக்கிக்கிட்டு வரட்டும் அம்மா. மடத்துல நாங்க பார்த்துக்குறோம்."

அம்மாவுக்கு வேறு பயம், மதம் மாறச் சொல்வார்களோ என்று. நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். "எங்களை வேதத்துல சேரச் சொல்வீங்களா சிஸ்டர்?" என்று நேராகவே கேட்டுவிட்டார்.

"கோயில் திருவிழாவுக்கு லீவு வேணும்னா முதல் நாளே சொல்லி அனுப்புங்க, போதும்."

மறுநாளே தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன்.

இந்தச் சபையை 1835-இல் பிரான்சின் ஆன்ஜே நகரில் தொடங்கியவர் புனித மரிய யூப்ரேசியா. ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று துறவிகள் எடுக்கும் மூன்று வாக்குறுதிகளோடு, ஆன்மாக்களுக்காகத் தளராமல் உழைப்போம் என்று நான்காவதாக ஒன்றையும் இவர்கள் எடுக்கிறார்கள். வளர்ந்த பிறகுதான் இதைப் படித்தேன். அந்தச் சேறுதான் கண்ணுக்குள் வந்தது.

ஹட்டனிலிருந்து:
அக்கா, எங்கள் அப்பாவுக்கு இயேசு சபைப் பாதர்மார்தான். போல் கஸ்பர்ஸ் அடிகளார் 1972-இல் கண்டியில் தொடங்கிய சத்யோதயா என்ற சமூக நிலையத்தின் கூட்டங்களுக்கு அப்பா போய் வந்திருக்கிறார். 1948 சட்டத்தால் பிரஜாவுரிமை இழந்த குடும்பம் எங்களுடையது. தோட்டத்து ஆட்களுக்கும் உரிமை உண்டு என்று ஒரு பாதர் மேசையில் தட்டிப் பேசியதை அங்கேதான் முதன்முதலாகக் கேட்டாராம். அதைவிட அவர் அடிக்கடி சொல்வது சாப்பாட்டு நேரத்தைப் பற்றி. ஒரு நாட்டுப் பையன், சிங்களக் கிராமத்துப் பிள்ளை, பக்கத்தில் உட்கார்ந்து, தன் தட்டிலிருந்த கருவாட்டை எடுத்து அப்பாவின் தட்டில் வைத்தானாம். அதுவரை நாட்டு ஆட்களோடு கடைவீதியில் பேசியது தவிர வேறு பழக்கமே இல்லை. அவன் பெயரை இன்றைக்கும் மறக்கவில்லை.

தம்பி இப்போது எப்படி இருக்கிறார், அக்கா?

எழுதியவர்:
பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பிள்ளை யாராவது இரண்டு நாள் வராவிட்டால் லயத்துக்கே போய்விடுவான். பனிக் காலத்தில் இழுப்பு இன்னும் வருகிறது, அதனால் பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் ஏறுவான்.