சிம் போடுற வாட்ச்: நாலாம் வகுப்புப் பொண்ணுக்கு வாங்கலாமா?

தாம்பரம் அம்மா: பொண்ணு நாலாம் வகுப்பு. வேன் 4 மணிக்கு வீட்டு வாசல்ல இறக்கி விட்டுடும். நாங்க ரெண்டு பேரும் வர ஆறரை ஆகுது. ஆன்லைன்ல 2,000 ரூபாய்க்குள்ள ஜிபிஎஸ், கேமரா, சிம்மோட வாட்ச் இருக்கு. வாங்கலாமா? வச்சிருக்கிறவங்க சொல்லுங்க.

பைட்டுராஜா: வேண்டாங்க. அந்த விலையில வர்ற பலதும் உள்ளே ஒரே சரக்குதான், மேல பேர் மட்டும் மாறும். 2017-ல நார்வே நுகர்வோர் அமைப்பு நாலு சிறுவர் வாட்ச்களைச் சோதிச்சது. சிலதுல முன்பின் தெரியாத ஆள் உள்ளே புகுந்து, பிள்ளை எங்கே இருக்குன்னு பார்க்க முடிஞ்சது. 2019-ல ‘சேஃப்-கிட்-ஒன்’னு ஒரு வாட்ச், திரும்பப் பெற வேண்டிய பொருள்னு ஐரோப்பிய ஆணையத்தோட எச்சரிக்கைப் பட்டியல்ல வந்துச்சு. வாட்சுக்கும் சர்வருக்கும் நடுவுல போற தகவலுக்குப் பூட்டே கிடையாது. பேர்ல மட்டும் சேஃப்!

கொங்கு அப்பா: ஏனுங்க, எல்லாத்துக்கும் ஐரோப்பாவுக்கே போறீங்க? பையன் பஸ் மாறி ஏறி காந்திபுரத்துல நின்னான். வாட்ச்ல பட்டனை அமுக்கினான், போய்க் கூட்டிட்டு வந்துட்டேன். ஹேக்கருக்கு வேற வேலை இல்லாம என் பையனைத் தேடி வரப்போறானா?

பைட்டுராஜா: உங்க பையனைத் தேட வேண்டியதே இல்லண்ணே. சில வாட்ச்ல ஐடி எண் வரிசையா இருக்கும். ஒவ்வொண்ணா மாத்திப் போட்டுப் பார்க்கிறவனுக்கு எந்தப் பிள்ளையா இருந்தா என்ன? சிலது எஸ்எம்எஸ்ல கட்டளை வாங்கும். அதோட கடவுச்சொல் 123456-ன்னே பெட்டியில வருது. உங்களுது மாத்தியாச்சா?

கொங்கு அப்பா: எங்க போய் மாத்தறதுன்னும் சேர்த்துச் சொல்லுங்க. சும்மா பயமுறுத்தாதீங்க.

டீச்சரக்கா: என் சண்டை வேற. இந்த வாட்ச் பலதுல, வீட்டுல இருந்து ரகசியமா கால் போட்டா சத்தமே இல்லாம மைக் திறந்துக்கும். 2017 நவம்பர்ல ஜெர்மனியோட தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பு அப்படிப்பட்ட சிறுவர் வாட்ச் விற்பனையைத் தடை பண்ணி, வாங்கினவங்க உடைச்சுப் போடணும்னு சொன்னது. பாடம் நடக்கறப்ப டீச்சர் பேசுறதைப் பெற்றோர் கேட்கிறாங்கன்னு அந்த அமைப்பே சொன்னது. ஒரு பிள்ளை என்கிட்ட அழுதுகிட்டே வீட்டு விஷயம் சொல்லும். அதை இன்னொரு பிள்ளையோட அப்பா ஆபீஸ்ல உட்கார்ந்து கேட்கலாமா?

கொங்கு அப்பா: ஸ்கூல்ல சிசிடிவி மட்டும் வைக்கலாமாக்கும்?

டீச்சரக்கா: அது எல்லார் கண்ணுக்கும் தெரியுற மாதிரி சுவத்துல இருக்கு சார். இது பிள்ளை கையில ஒளிஞ்சிருக்கு, அந்தப் பிள்ளைக்கே தெரியாது.

ப்ளஸ் ஒன் பயல்: நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். எங்கப்பாவும் எனக்கு லொகேஷன் வாட்ச் கட்டி விட்டிருக்கார். டியூஷன்ல அதைக் கழட்டி ஃப்ரெண்டு கையில கட்டிட்டு நான் பஜ்ஜி சாப்பிடப் போயிடுவேன். மேப்ல நான் ரொம்ப ஒழுங்கு.

டீச்சரக்கா: உங்கப்பா இங்க இல்லாத வரைக்கும் சரி, தம்பி.

தாம்பரம் அம்மா: எல்லாரும் நல்லாப் பேசுறீங்க. 4-லிருந்து ஆறரை வரைக்கும் நான் என்ன பண்றதுன்னு ஒருத்தரும் சொல்லலையே!

பைட்டுராஜா: அந்த நேரம் பாப்பா வீட்டுலதானே இருக்கா? அதுக்கு எதுக்கு ஜிபிஎஸ்? ஹால்ல ஒரு பட்டன் போன் வைங்க, உங்க ரெண்டு பேர் நம்பரையும் ஸ்பீடு டயல்ல போடுங்க. மலிவு வாட்ச் அபார்ட்மென்ட்டுக்குள்ள ஜிபிஎஸ் பிடிக்காது. செல் டவரை வச்சு உத்தேசமாக் காட்டும், சில சமயம் பக்கத்து ஏரியாவுலயே காட்டும். பல மாடல் 2ஜி மட்டும்தான். ஜியோ சிம் போட்டா வேலையே செய்யாது, அவங்ககிட்ட 2ஜி கிடையாது.

தாம்பரம் அம்மா: வீட்டுக்கு அது சரி. வேன் வழியில நின்னுட்டா? மழை நாள்ல அஞ்சரை வரைக்கும் தகவலே இருக்காது. டிரைவர் அண்ணன் ஓட்டும்போது போன் எடுக்க மாட்டார், எடுக்கவும் கூடாது.

பைட்டுராஜா: அப்போ 4ஜியில பாருங்க. கேமரா வேண்டாம். நீங்க சேர்த்த நம்பர்ல இருந்து மட்டும் கால் வரணும், ரகசியமாக் கேட்கிற வசதி இருக்கவே கூடாது, ஸ்கூல் நேரத்துல தானாப் பூட்டிக்கணும். அப்டேட் எத்தனை வருஷம் வரும், கணக்கை அழிச்சா தகவலும் அழியுமான்னு கேளுங்க. பதில் சொல்ல ஆளே இல்லாத கம்பெனியை விட்டுடுங்க. ஆப்பிள்ல செல்லுலார் வாட்சைப் பெற்றோர் ஐபோன்ல இருந்து பிள்ளைக்கு அமைச்சுக் கொடுக்கலாம், ஸ்கூல் நேரப் பூட்டும் உண்டு. ஆனா விலை உங்க பட்ஜெட்டுக்குப் பல மடங்கு.

தாம்பரம் அம்மா: பட்டன் போன் இந்த வாரமே வாங்கிடுறேன். வேனுக்கு மட்டும் நீங்க சொன்ன மாதிரி, 5,000-க்குள்ள எதாவது மாடல் தெரிஞ்சவங்க பேர் போடுங்க.

கொங்கு அப்பா: கிடைச்சா எனக்கும் சொல்லுங்க. அதுவரைக்கும் பையன் கையில இருக்கறதைக் கழட்ட மாட்டேனுங்க. அந்த 123456-ஐ எங்க மாத்தறதுன்னு இன்னும் யாரும் சொல்லல.