சான் டியேகோ க்வாய் பாய் சிகரம்: தூரம் குறைவு, ஏற்றம் செங்குத்து. என்ன தயாரிப்பு வேண்டும்?

மிராமேசா_வாசி
மிஷன் டிரெயில்ஸ் பூங்காவில் க்வாய் பாய் சிகரம் ஏறலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, 11 வயது மகன், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா. அப்பாவுக்கு 64 வயது. பிபி மாத்திரை சாப்பிடுகிறார், ஆனால் தினமும் 4 கி.மீ. நடப்பார். போய்வர மொத்தமே 4 கி.மீ. சொச்சம்தானே? செப்டம்பர் கடைசி சனிக்கிழமை காலை 10 மணிக்குக் கிளம்பலாம் என்று திட்டம். சாதாரண ஓட்ட ஷூ போதுமா, தண்ணீர் எவ்வளவு, பாம்பு உண்டா, அப்பாவைக் கூட்டிப் போகலாமா?

உச்சிவெயில்
10 மணி வேண்டாங்க. மற்றதெல்லாம் அப்புறம், முதலில் நேரத்தை மாற்றுங்கள்.

சிகரம் 1,194 அடிதான். ஆனால் ஓல்டு மிஷன் அணைப் பக்கமிருந்து ஏறினால் ஒரு வழி சுமார் 2 கி.மீ.க்குள் ஏறக்குறைய 260 மீட்டர் ஏற்றம். நூறு மீட்டர் நடந்தால் சராசரியாக 13 மீட்டர் ஏறுகிறீர்கள், அதிலும் சில துண்டுகள் சராசரியைவிடக் கடுமை. குழந்தையோடு ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் வையுங்கள். 10 மணிக்குக் கிளம்பினால் இறங்கும்போது உச்சி வெயில். அங்கே புதர்கள் இடுப்பு, தோள் உயரம்தான். ஒதுங்கி நிற்க ஒரு மரநிழல் கிடைக்காது.

செப்டம்பர், அக்டோபர் இங்கே இதமான மாதங்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மே, ஜூனில் கடல் மேகம் காலையை மூடி வைக்கும். இப்போது அது குறைவு, பாலைவனப் பக்கமிருந்து வீசும் வறண்ட சாண்டா ஆனா காற்று தொடங்கும் பருவமும் இதுதான். அந்தக் காற்று வீசும்போது ஈரப்பதம் 10 சதவீதத்துக்கும் கீழே போகும். வியர்வை அந்த நொடியே காய்ந்துவிடுவதால் சட்டை நனையாது, உடம்பு எவ்வளவு நீர் இழக்கிறது என்பதும் தெரியாது. பெரியவர்களுக்கு ஆளுக்கு 2 லிட்டர், பையனுக்கு 1.5 லிட்டர், கூடவே ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு. பாதையில் எங்கும் தண்ணீர் கிடையாது. பாதித் தண்ணீர் தீர்ந்த இடத்தில் திரும்பிவிடுங்கள், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி.

பூங்கா சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை திறந்திருக்கும். வண்டி நிறுத்துமிடத்தின் கேட் நேரம் வேறு, அதை முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் மாத்திரை எது? நீர் மாத்திரை (சிறுநீரை அதிகம் போகச் செய்வது) என்றால் உடம்பில் ஏற்கெனவே நீர் குறைவு. பீட்டா பிளாக்கர் என்றால் இதயத்துடிப்பு ஏறாமல் அது பிடித்து வைக்கும், அதனால் கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி வேகத்தை முடிவு செய்ய முடியாது. மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள், அதுதான் அளவு. டாக்டரிடம் கேட்காமல் ஏற்ற வேண்டாம். சமதரையில் 4 கி.மீ. நடப்பது முழங்காலையும் இதயத்தையும் இந்த ஏற்றத்துக்குத் தயார்படுத்தாது.

கல்லும்முள்ளும்
எல்லோரும் ஏற்றத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். விழுவது இறக்கத்தில்தான். கெட்டித் தரைமேல் பட்டாணி அளவு உதிர்கல் பரவிக் கிடக்கும். குதிகாலை அதில் ஊன்றினால் கல் உருளும், கால் முன்னால் ஓடும். பயத்தில் பின்னால் சாய்ந்தால் இன்னும் மோசம்: எடை குதிகாலுக்குப் போய்விடும், பிடிப்பு போய்விடும், கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டு உடையும். முழங்காலைச் சற்று மடக்கி, இடுப்பு பாதத்துக்கு நேர்மேலே இருக்கும்படி, சின்னச் சின்ன அடியாக வையுங்கள். உள்ளங்கால் முழுவதும் ஒரே நேரத்தில் பதிய வேண்டும். உதிர்கல் இல்லாத பாறைத் திட்டு தெரிந்தால் அதில் மிதியுங்கள்.

ஓட்ட ஷூவின் அடி தேய்ந்திருந்தால் வேண்டாம். அடியில் 4, 5 மி.மீ. பல் உள்ள டிரெயில் ஷூ (மலைப்பாதை ஷூ) போதும், கனமான பூட்ஸ் தேவையில்லை. இறங்குமுன் கயிற்றை அவிழ்த்து, கணுக்கால் பக்கம் இருக்கும் கடைசி ஓட்டை வரை கோத்து இறுக்குங்கள். இல்லாவிட்டால் பாதம் முன்னால் சரிந்து விரல் நகம் ஷூவில் இடித்துக் கறுக்கும். ஊன்றுகோல் இருந்தால் இறக்கத்தில் 5 முதல் 10 செ.மீ. நீட்டிக்கொள்ளுங்கள். இறங்க நேரம் மிச்சமாகும் என்று கணக்குப் போடாதீர்கள், ஏறிய நேரத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும்.

ஒரு வேண்டுகோள்: பையனைக் குறுக்குவழியில் ஓட விடாதீர்கள். ஒருவர் மிதித்த தடத்தில் அடுத்த மழை வாய்க்கால் வெட்டிவிடும், பாதையே அரித்துப் போகும். மழைக்குப் பிறகு பாதைகளை மூடுவதும் இதனால்தான். மூடியிருந்தால் மதியுங்கள்.

புதர்க்காட்டான்
பாம்பு உண்டு, ரேட்டில்ஸ்னேக்: வாலை ஆட்டிச் சத்தம் எழுப்பும் விஷப்பாம்பு. பாதை நடுவில் நடந்தால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கை வைக்காதீர்கள்: பாறை விளிம்பைப் பிடித்து ஏறுவது, பார்க்காமல் கல்லில் உட்காருவது. அது எப்போதும் சத்தம் போட்டு எச்சரிக்கும் என்று நம்பவும் வேண்டாம். கடித்தால் மோதிரம், வாட்ச் கழற்றிவிட்டு 911 அவசர எண்ணைக் கூப்பிடுங்கள். கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எதுவும் கூடாது.

பாய்சன் ஓக் என்ற செடி அணைப் பக்கம், ஆற்றோர ஈரத்தில் இருக்கும்; அதன் எண்ணெய் தோலில் பட்டால் அரிப்பும் தடிப்பும் வரும். காம்புக்கு மூன்று இலை. இலை உதிர்ந்த வெறுங்குச்சியிலும் அந்த எண்ணெய் உண்டு. பட்டுவிட்டால் சீக்கிரம் சோப்பு போட்டுக் கழுவுங்கள், ஷூ கயிற்றையும் சேர்த்து. உண்ணி இங்கே குளிர்காலத்திலும் வசந்தத்திலும்தான் அதிகம்.

நெருப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பாதையோரம் இருக்கும் சாமிஸ் புதரைக் கிட்டே போய்ப் பாருங்கள்: ஊசி போன்ற சிறிய இலை, எண்ணெய்ப் பசை, உள்ளே காய்ந்த சுள்ளி. ஒரு பொறி போதும். 2003 அக்டோபரில் வழி தவறிய ஒரு வேட்டைக்காரர் உதவிக்கு அடையாளமாக மூட்டிய தீதான் சீடர் தீயாக மாறி 2,70,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. 15 பேர் இறந்தார்கள். இந்தப் பூங்காவிலும் ஒரு பகுதி கருகியது. லைட்டர் எடுத்துப் போக வேண்டாம். ரெட் ஃபிளாக் எச்சரிக்கை (காட்டுத்தீ வேகமாகப் பரவும் வானிலை என்ற அறிவிப்பு) உள்ள நாளில் போகவே வேண்டாம். புகை தெரிந்தால் உச்சிக்குப் போய்ப் பார்க்கலாம் என்று ஏறாதீர்கள், தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஓடும்.

மிராமேசா_வாசி
நன்றி. காலையிலேயே கிளம்புகிறோம். அப்பாவுக்கு நீர் மாத்திரைதான். அவரை என்ன செய்யலாம்?

உச்சிவெயில்
அவரை அணைப் பக்கம் நடக்கச் சொல்லுங்கள். 1800களின் தொடக்கத்தில் இந்த மண்ணின் பூர்வகுடிகளான குமேயாய் மக்களின் உழைப்பில் எழுந்த அணை, ஆற்றோரம் மரநிழலும் உண்டு. மனைவியோ நீங்களோ ஒருவர் அவரோடு இருங்கள். மேலே போகிறவர் எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். யாருக்காவது தலைவலி, குமட்டல் வந்தால் அங்கேயே நிறுத்தி, துணியால் நிழல் கட்டி, நீர் கொடுத்து, தெளிந்ததும் இறங்குங்கள். பேச்சு குழறினாலோ நடை தள்ளாடினாலோ இருக்கிற தண்ணீரைத் தலை, கழுத்தில் ஊற்றி விசிறிக்கொண்டே 911 கூப்பிடுங்கள். போனில் வரைபடத்தைத் திறந்து நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் படித்துச் சொன்னால் தேடும் நேரம் மிச்சம். அந்த எண் எங்கே தெரியும் என்று வீட்டிலேயே ஒருமுறை பார்த்து வையுங்கள்.