ராஜபாளையம் – லாப்ரடார் கலப்பு: ஏழு மாதக் குட்டிக்குக் கால்சியம் தேவையா?

கம்பம் தோட்டம்:
வணக்கம். எங்கள் திராட்சைத் தோட்டத்தில் ஏழு மாத ஆண் நாய் ஒன்று வளர்கிறது. தாய் ராஜபாளையம், தகப்பன் லாப்ரடார். சந்தன நிறம், மார்பில் மட்டும் வெள்ளை. இப்போதே 26 கிலோ. காலையில் பால்சோறு, இரவில் தயிர்சோறு. "பெரிய சாதி, எலும்பு பலப்பட வேண்டும்" என்று என் மாமனார் தினமும் கால்சியம் சிரப் ஊற்றுகிறார். கூப்பிட்டால் இது திரும்பிப் பார்ப்பதே இல்லை. ராஜபாளையத்துக்குக் காது கேட்காது என்கிறார்கள் பக்கத்துத் தோட்டத்தில். போதாக்குறைக்கு மேய வரும் ஆடுகளை விரட்டுகிறது. கட்டிப்போடவும் மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

திருவில்லிபுத்தூர் பெரியவர்:
அம்மா, தீவனத்தை மாற்றுங்கள். மாற்றிய அன்றே சிரப்பை நிறுத்துங்கள். மாமனார் கோபித்துக்கொண்டால் பழியை என்மேல் போடுங்கள். வளரும் பெரிய இனக் குட்டியின் உடம்பால் மிகையான கால்சியம் உள்ளே சேர்வதைச் சரியாகத் தடுக்க முடியாது. எலும்பும் மூட்டும் கோணலாக வளர அதுவே காரணமாகிவிடும். அதற்காகப் பால்சோறு போதும் என்று சொல்லவில்லை. அதில் புரதமும் குறைவு, தாது உப்புகளும் குறைவு. பெரிய இனக் குட்டிகளுக்கென்றே விற்கும் உலர்தீவனத்தில் கால்சியம் அளவோடு சேர்த்திருப்பார்கள். வீட்டுச் சாப்பாடுதான் என்றால் முட்டை, எலும்பு நீக்கிய கோழி, கொஞ்சம் ஈரல், காய்கறி, அதற்கு மேல் சோறு. கால்சியம் எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும். வெந்த கோழி எலும்பு வேண்டவே வேண்டாம், சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

எடையைத் தராசில் பார்ப்பதைவிடக் கையால் பாருங்கள். விலாவில் உள்ளங்கையை வைத்து, அழுத்தாமல் பின்பக்கமாக இழுங்கள். எலும்புகள் ஒவ்வொன்றாக விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். தேட வேண்டியிருந்தால் சாப்பாடு அதிகம். மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்ளே ஒடுங்கியிருக்க வேண்டும். தாய் வழியில் வந்த நீளக் காலும் ஆழமான மார்பும் ஒல்லியான உடம்புக்கு ஏற்றவை. தகப்பன் வழியில் வருவதோ அடங்காப் பசி. லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பசியைத் தூண்டும் மரபணு மாற்றம் இருப்பதாகக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-இல் கண்டறிந்தார்கள். முகத்தைப் பார்த்துப் பரிமாறினால் தீர்ந்தது கதை! ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயலைப் போலக் குதித்தால் இடுப்பு மூட்டை எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். ஒன்றரை வயதுவரை மாடிப்படியில் துரத்தி விளையாடுவதும் பைக்கின் பின்னால் ஓடவிடுவதும் கூடாது.

ஒரே வேளையாகக் குவித்துப் போடாமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். சாப்பிட்டதும் ஓடவிடாதீர்கள். ஆழமான மார்புள்ள நாய்க்கு இரைப்பை காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயிறு புடைத்து, வாந்தி எடுக்க முக்கியும் ஒன்றும் வராமல், எச்சில் ஒழுக நிலைகொள்ளாமல் தவித்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

காது விஷயம்: ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு, பொய்யில்லை. வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வருவது அது. உங்களுடையது சந்தன நிறம். தூங்கும்போது முதுகுப்புறம் நின்று, தரை அதிராமல், சோற்றுத் தட்டைக் கரண்டியால் தட்டிப் பாருங்கள். எழுந்து ஓடிவந்தால் காதில் குறையில்லை, கீழ்ப்படிதலில்தான் குறை.

ஒரத்தநாடு மாடசாமி:
பெரியவர் உண்ணியை விட்டுவிட்டார். தோட்டத்து நாய்க்கு அதுதான் முதல் எதிரி. விரலிடுக்கு, காது மடிப்பு, வாலடி மூன்றையும் தினமும் விலக்கிப் பாருங்கள். சாப்பாட்டில் நாட்டமின்றிப் படுத்தே கிடந்தாலோ, ஈறு வெளுத்தாலோ, மூக்கில் இரத்தம் வந்தாலோ உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். இரத்தத் தட்டணுக்களை எண்ணச் சொல்லுங்கள். நேரத்தோடு கண்டால் மாத்திரையில் குணமாகும். மண்ணெண்ணெய் தடவும் வைத்தியம் வேண்டாம், தோல் வெந்துவிடும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை ஆண்டுதோறும் போடுங்கள்.

இன்னொன்று: திராட்சைத் தோட்டம் என்கிறீர்களே, உதிர்ந்த பழத்தை அது தின்கிறதா?

கம்பம் தோட்டம்:
ஆமாம், பன்னீர்த் திராட்சை என்றால் உயிர். கொடிக்கடியில் ஒன்று விடாமல் பொறுக்கும். இதுவரை ஒன்றும் ஆகவில்லையே?

ஒரத்தநாடு மாடசாமி:
ஆகாதவரை ஆகாது. நாய்க்குத் திராட்சை நஞ்சு, சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யும். அதிலுள்ள டார்டாரிக் அமிலம் காரணம் என்று கருதுகிறார்கள். அந்த அமிலம் பழத்துக்குப் பழம் மாறும், நாயும் நாய்க்கு நாய் மாறும். நேற்று தாங்கியது இன்று தாங்கும் என்று நம்ப முடியாது. தின்றதைப் பார்த்தால், வாந்தி வருகிறதா என்று காத்திராமல் உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். உலர்திராட்சையும் கூடாது.

திருவில்லிபுத்தூர் பெரியவர்:
மாடசாமி கேட்டது நல்லதாகப் போயிற்று. அம்மா, இனிமேல் கட்டுவதா என்ற கேள்விக்கே இடமில்லை. சங்கிலி வேண்டாம், வேலி போடுங்கள். ஓடுவதைக் கண்டால் விரட்டுவது தாயின் இரத்தம். அடித்து மாற்ற முடியாது. வீட்டைச் சுற்றி ஆளுயரக் கம்பிவலை அடித்துவிட்டால் ஆடும் தப்பும், திராட்சையும் எட்டாது. இடுப்பளவு வேலியை இது ஒரே தாவில் தாண்டிவிடும். வெளியே கூட்டிப்போகும்போது நீளக் கயிறு. அதிகாலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் மட்டும் நடத்துங்கள்.

கம்பம் தோட்டம்:
தட்டைத் தட்டிப் பார்த்தேன். மூன்றாம் அறையிலிருந்து ஓடிவந்தது. மாமனாரிடம் உங்கள் பதிலை வாசித்துக் காட்டினேன். "யார் அந்தப் பெரியவர், ஃபோன் நம்பர் கேள்" என்கிறார். வேலிக்கு நாளை அளவெடுக்க ஆள் வருகிறது. ஆறடி போதுமா?

திருவில்லிபுத்தூர் பெரியவர்:
போதும். அடியில் ஓரடி மண்ணுக்குள் புதைக்கச் சொல்லுங்கள், தோண்டவும் தெரியும் அதற்கு.