புதுப்பிப்பு: கருப்பு அலுமினியக் குமிழ்களை நீலமாக்கும் முயற்சி

இழுப்பறைகளிலிருந்து கழற்றிய 6 கருப்பு அலுமினியக் குமிழ்களை வீட்டிலேயே நீலமாக்க, சாயநீரில் ஊறவைத்தால் போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். போதாது என்பதை இப்போது அனுபவத்தில் கண்டுகொண்டேன்.

அந்தக் கருப்பு, பெயின்ட் அன்று; அனோடைசிங் முறையில் (அமிலக் கரைசலில் மின்சாரம் செலுத்தி) உலோகத்தின் மேல் வளர்க்கப்பட்ட ஆக்சைடு படலத்தின் நுண்துளைகளுக்குள் ஏறிய சாயம். சாயமேற்றிய பின் அத்துளைகள் மூடப்பட்டுவிடுவதால், புதிய சாயம் உள்ளே புக வழியில்லை. எனவே பழைய படலத்தை நீர்த்த காஸ்டிக் சோடா கரைசலில் கரைத்தேன். படலம் போனதும் கரைசல் உலோகத்தையே அரிக்கத் தொடங்கி, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும் என்பதால், கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்து திறந்தவெளியில்தான் செய்தேன். அப்படியும் ஒரு குமிழை மறந்து கூடுதல் நேரம் விட்டுவிட்டேன். அதன் உள்மரை அரிக்கப்பட்டு, இப்போது திருகு நிற்பதில்லை. மரைத்துளையை முன்பே அடைத்திருக்க வேண்டும்.

கந்தக அமிலத்தில் மீண்டும் அனோடைஸ் செய்யும் துணிவு எனக்கு இல்லை. ஆகவே பெயின்டுக்கே வந்துசேர்ந்தேன். வெற்று அலுமினியத்தில் காற்று பட்டவுடன் மெல்லிய ஆக்சைடு மீண்டும் உருவாகிப் பெயின்டின் பிடிப்பைக் கெடுக்குமாதலால், 400 எண் உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, தாமதமின்றி எட்ச் பிரைமரையும் (உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் அடிப்பூச்சு), அது உலர்ந்தபின் 3 மெல்லிய நீலப் பூச்சுகளையும் தெளித்தேன். அவசரத்தில் தடிமனாக அடித்த ஒரு குமிழில் பெயின்ட் வழிந்த கோடு தெரிகிறது. மற்ற 4 குமிழ்கள் ஒரு மாதமாக நாள்தோறும் கைபட்டும் உரியவில்லை.