லாச்சிக்குள் இருந்த கடிதம்

வெள்ளவத்தைவாசி:
வேலையிடத்துப் பொறாமை பற்றிய இந்த இழையில் எல்லாரும் உங்கள் மேல் எரிச்சல்பட்டவர்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். எரிச்சல்பட்ட ஆள் நான். அதையும் ஒருவர் எழுதத்தானே வேண்டும்.

2022. கொழும்பில் கொள்ளுப்பிட்டிப் பக்கம் ஒரு கந்தோரில் கணக்குப் பிரிவு. என்னை அண்ணா என்று கூப்பிடும் ஒரு தங்கச்சியும் நானும் ஒரே கிழமையில் சேர்ந்தவர்கள், பக்கத்துப் பக்கத்து மேசை. மார்ச்சில் ரூபாய் சரியத் தொடங்கியது. 200 சொச்சமாக இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தாண்டியது. வெளிநாட்டு வாடிக்கையாளர் வேலை பார்த்தவர்களுக்கு மட்டும் சம்பளத்தை டொலர்க் கணக்கில் போட்டார்கள். தங்கச்சி அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். பிரின்டரில் அவள் மறந்துவிட்டுப் போன பே ஸ்லிப்பைப் பார்த்த அன்று தொடங்கியது. முதலாளி எவ்வளவு எடுக்கிறார் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. பக்கத்து மேசைதான் சுட்டது. பெற்றோல் வரிசையில் நிற்கும்போதும் மண்டைக்குள் அந்த இலக்கம்தான்.

ஈ.பி.எஃப், அதாவது ஊழியர் சேமலாப நிதிக்குக் காசு கட்டும் வேலை என்னுடையது. ஒரு கிழமை லீவில் போனபோது அவளிடம் ஒப்படைத்தேன். புதிதாகச் சேர்ந்த இரண்டு பொடியன்களின் விபரக் கடிதம் என் மேசை லாச்சிக்குள் கிடந்தது. சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். மறக்கவில்லை.

அவர்களுடைய சம்பளத்தில் பிடிக்கும் 8 வீதமும் கம்பனி போடும் 12 வீதமும் அந்த மாதம் நிதிக்குப் போகவில்லை. மனேஜர் எல்லாருக்கும் முன்னால் அவளை ஏசினார். பாதி பிரித்த சோற்றுப் பார்சலுக்குப் பக்கத்தில், கையைக்கூடத் துடைக்காமல் நின்றாள். பிறகு என்னிடமே வந்து, "அண்ணா, நான் எங்க பிழை விட்டனான்?" என்று கேட்டாள்.

புறக்கோட்டைப் பொடியன்:
எங்கள் புடைவைக் கடையில் முதலாளியே மூட்டிவிடுவார். தீபாவளி நேரம் கடை பூட்டும்போது பில் புத்தகங்களைப் புரட்டி, "அவன் இவ்வளவு வித்திருக்கிறான், நீ என்ன செய்தாய்?" என்பார். அவ்வளவுதான். அடுத்த நாள் ஒருவன் காட்டிய சாரியை மடித்துக் கொடுக்க மற்றவன் வரமாட்டான். நீலம் கேட்டால், "அது முடிஞ்சுது" என்பான். நீலம் றாக்கையில்தான் இருக்கும்.

தெஹிவளை அக்கா:
தம்பி, அந்தப் பிள்ளையிடம் பிறகாவது சொன்னீர்களா?

வெள்ளவத்தைவாசி:
இல்லை அக்கா. நிலுவையை அடுத்த மாதம் கட்டிவிட்டோம். 2023இல் அவள் மெல்பேர்ண் போய்விட்டாள். போகும்போது தன் கல்குலேட்டரை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். சமன் பட்டன் கொஞ்சம் இறுக்கம். ஈ.பி.எஃப் கணக்கை இன்னும் அதில்தான் போடுகிறேன்.